பாறைக்கரையில் தழைப்பாசி போய்ப் பச்சைப்பாசி வந்தால், குற்றவாளி வெப்பம்தானா?

முன்பு பழுப்புத் தழைப்பாசி அடர்ந்து கிடந்த பாறைகளில் இன்று வழுக்கும் பச்சைப்பாசியும், விரல்கடை உயரம்கூட இல்லாத குட்டைப்பாசியும் பரவிக் கிடக்கின்றன. கடல் சூடானதுதான் காரணமா, அதை எப்படி உறுதி செய்வது, பழைய பாசி திரும்புமா என்பதே கேள்வி.

சூடும் காரணமாக இருக்கலாம். ஆனால் அதை முதல் விடையாக எழுதிவிட்டுப் பிறகு சான்று தேடுவது தவறான வழி. சூழல் மாற்றம் பாசியை நேராகக் கொல்வதைவிட, பாறையில் இடம் காலியானதும் அதை யார் பிடிப்பார்கள் என்பதை மாற்றுவதே அதிகம். பாறைக்கரையில் வெளிச்சமும் சத்து உப்பும் பெரும்பாலும் தாராளமாகக் கிடைக்கும். தட்டுப்பாடு ஒட்டிக்கொள்ள இடத்துக்குத்தான். ஆகவே “எது கொன்றது” என்று கேட்டதும், “இடம் ஏன் பழையவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை” என்றும் கேட்டாகவேண்டும். பெரும்பாலான அறிக்கைகள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன.

கரையை மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாகப் படிக்கவேண்டும். இதற்கு வட அட்லாண்டிக் கரைதான் நல்ல பாடம். அங்கே உச்சியில் பெல்வீசியா, அதன் கீழ் ஒன்றன்பின் ஒன்றாக ஃபியூகஸ் இனங்கள், வற்றத்திலும், அதாவது கடல் இறங்கிய வேளையிலும், நீர் விலகாத விளிம்பில் லாமினேரியா என்று பழுப்புப்பாசிகள் வரிசை கட்டி நிற்கும். ஸ்காட்லாந்தின் கம்ப்ரே தீவில் 1970களில் நடந்த ஆய்வுகள் இந்த வரிசைக்குக் காரணம் காட்டின. ஒரு பாசியின் மேல் எல்லையைப் போடுவது, நீர் விலகியபின் வெயிலில் உலர்ந்து காய்வது. கீழ் எல்லையைப் போடுவது பெரும்பாலும் அண்டைப் பாசி. அட்டமியை ஒட்டிய நாட்களில் கடலேற்றம் மேல்பட்டையை எட்டாது. அதே நாட்களில் வெயிலும் கொளுத்தினால் மேல் விளிம்புச் செடிகள் உடனே அல்ல, சில வாரம் கழித்துச் சாகின்றன. கீழே இருந்த போட்டிப் பாசியை அகற்றியபோதோ, மேல்பட்டைப் பாசி கீழிறங்கி வளர்ந்தது.

இதிலிருந்து கைக்கு அடக்கமான ஒரு சோதனை கிடைக்கிறது. மேல் விளிம்பு கீழிறங்கியிருந்தால் வெப்பம், காற்று, வற்ற நேரம் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். கீழ் விளிம்பு மேலேறியிருந்தால் மேய்ச்சல் உயிர்கள், கலங்கல், மணல், போட்டிப் பாசி ஆகியவற்றின் பக்கம் பார்க்கவேண்டும். இரண்டு விளிம்பும் அப்படியே இருந்து நடுவில் திட்டுத்திட்டாக வழுக்கை விழுந்திருந்தால் அலை பெயர்த்திருக்கலாம், கட்டை மோதியிருக்கலாம், மனிதர் பறித்திருக்கலாம். விதிவிலக்குகள் உண்டு, பெரிய விதிவிலக்கு ஒன்று கீழே வருகிறது.

வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது கடல்நீரின் சராசரி வெப்பநிலையை மட்டும் எடுத்துக்கொள்வது போதாது. ஏற்றத்தில் மூழ்கி வற்றத்தில் வெளிப்படும் ஓதப்பட்டையில் வாழும் பாசிக்கு முக்கியமானது, நீர் விலகியிருக்கும்போது பாறை எவ்வளவு சூடேறுகிறது என்பது. அது வற்றம் எத்தனை மணிக்கு வருகிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் பசிபிக் கரையில் வடக்கே சில இடங்களில் கோடைக்காலத்துப் பெருவற்றம் நடுப்பகலில் விழுகிறது. தெற்கே பல இடங்களில் இரவிலோ விடியலிலோ விழுகிறது. அதனால் பாறைமேல் ஒட்டியுள்ள உயிர்களுக்கு வடக்கிலுள்ள சில இடங்கள் தெற்கைவிடக் கடுமையானவை. 2021 ஜூன் கடைசியில் கனடாவின் மேற்குக் கரையில் வெப்ப அலையும் நடுப்பகல் வற்றமும் ஒன்றுசேர்ந்து வந்தபோது பாறைகள் 50 டிகிரி செல்சியஸ் வரை கொதித்தன. சிப்பிகளும், பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிர்களான கொட்டலசுகளும் கூட்டங்கூட்டமாக வெந்து செத்தன. அந்த வற்றம் நள்ளிரவில் விழுந்திருந்தால் இதே வெப்ப அலை கரையில் இவ்வளவு சேதம் செய்திருக்காது.

இனி அந்த விதிவிலக்கு. 1967 மார்ச் 18 அன்று டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல், இங்கிலாந்தின் கார்ன்வாலுக்கும் சில்லித் தீவுகளுக்கும் இடையே செவன் ஸ்டோன்ஸ் பாறைத் திட்டில் மோதியது. அதில் இருந்தது ஏறக்குறைய 1,19,000 டன் குவைத் கச்சா எண்ணெய். கார்ன்வால் கரையில் ஒதுங்கியது அதில் ஒரு பகுதி, சுமார் 14,000 டன். அதைக் கரைக்க ஏறக்குறைய 10,000 டன் கரைப்பான் தெளித்தார்கள். பல நாள் கடலில் மிதந்து வந்த எண்ணெயில் ஆவியாகும் நச்சு பெரும்பாலும் போயிருந்தது. அன்றைய கரைப்பான்களில் இருந்த கரிமத் திரவங்களோ கடும் நஞ்சு. செத்தது முதன்மையாக லிம்பெட்: கூம்பு வடிவ ஓட்டோடு பாறையில் அப்பிக்கொண்டு, முளைக்கும் பாசியை நாக்கால் சுரண்டித் தின்னும் நத்தை.

அடுத்து நடந்ததை வரிசையாகப் பார்த்தால்தான் பாறைக்கரை எப்படி இயங்குகிறது என்பது பிடிபடும். சில மாதங்களில் பாறை முழுக்கப் பச்சைப்பாசி. அடுத்த ஆண்டுக்குள் ஃபியூகஸ் வந்து அதை மூடியது. சாதாரணமாகப் பாறை தெரியும் இடங்களில்கூடக் காடாக நின்றது. அந்தத் தழைகளின் அடியில் மூச்சு முட்டியும், அலையில் அசையும் தழை உரசியும், தப்பியிருந்த கொட்டலசுகள் குறைந்தன. மேய்ச்சல் இல்லாததால் கீழ்ப்பட்டைப் பாசிகளான லாமினேரியாவும் ஹிமந்தாலியாவும் தங்கள் பழைய மேல் எல்லையையும் தாண்டி ஏறின. அதாவது அங்கே மேல் எல்லையை வைத்திருந்தது வெயில் மட்டுமல்ல, நத்தையும்தான். மேலே சொன்ன சோதனையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கதை அங்கே முடியவில்லை. ஃபியூகஸ் நிழலின் ஈரத்தில் லிம்பெட் குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்தன. அவை பெரிதாகி, புது முளைகளை மிச்சமின்றித் தின்றன. வயதான ஃபியூகஸ் பெயர்ந்து போனதும் பாறை முன்பைவிட வெறுமையானது. தீனி இல்லாத நத்தைகள் அணிவகுத்து இடம்பெயர்ந்தன. பெரும்பகுதி பட்டினியில் அழிந்தது. மறுபடி பாசியின் அலை, மறுபடி நத்தையின் அலை. கரைப்பான் கடுமையாகத் தெளித்த இடங்கள் பழைய ஏற்ற இறக்கத்துக்குத் திரும்ப 10 முதல் 15 ஆண்டு பிடித்தது. சீல்கள் இருக்கின்றன என்று கரைப்பான் தெளிக்காமல் விட்ட கோட்ரெவியில் லிம்பெட்டுகள் எண்ணெய்ப் படலத்தோடே பிழைத்தன. அந்தக் கரை இரண்டு மூன்று ஆண்டுகளில் சீரடைந்தது.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. 1969இல் அந்தக் கரைக்குப் போன ஒருவர் “பாசி வளம் பெருகியிருக்கிறது” என்று எழுதியிருப்பார். சில ஆண்டு கழித்துப் போனவர் “பாசி அழிந்துவிட்டது” என்று எழுதியிருப்பார். இருவரும் பார்த்தது ஒரே காயத்தின் வெவ்வேறு நாட்களை.

வெப்பமே முதற்காரணம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது மேற்கு ஆஸ்திரேலியா. 2011 தொடக்கத்தில், பசிபிக் கடலின் வெப்ப மாற்றமான லா நினா வலுத்ததால் பெருகிய லீவின் நீரோட்டம் வெப்பமண்டல நீரைத் தெற்கே தள்ளியது. பல வாரங்களுக்குக் கடல் வழக்கத்தைவிட 2 முதல் 4 டிகிரி சூடாக இருந்தது. எக்லோனியா என்ற கெல்ப் (பெரும் பழுப்புப்பாசி), கால்பரி பகுதியிலிருந்து தெற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்குத் தன் எல்லையை இழந்தது. ஒரே கோடை செய்த வேலை அது. அதற்குப் பிறகு நீர் குளிர்ந்த ஆண்டுகளிலும் கெல்ப் திரும்பவில்லை. காலியான பாறையைக் குட்டைப்பாசி பிடித்துக்கொண்டது; வெப்பமண்டலத்திலிருந்து வந்த ஓரா, கிளிமீன் வகைகள், முளைத்த கெல்ப் கன்றுகளைக் கடித்துத் தீர்த்தன. கொன்றது வெப்பம், திரும்பவிடாமல் வைத்திருப்பது மேய்ச்சல்.

குட்டைப்பாசி ஏன் அவ்வளவு பிடிவாதம்? அதன் நெருங்கிய இழைகள் மணலையும் வண்டலையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பெரும் பழுப்புப் பாசிகளின் கருமுட்டையும் வித்தும் கெட்டியான பாறையில் ஒட்டினால்தான் பிழைக்கும். தூசிபோல மெல்லிய வண்டல் படிந்திருந்தாலே ஒட்டுவது வெகுவாகக் குறைகிறது என்று நியூசிலாந்துப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆக, குட்டைப்பாசி வண்டலைச் சேர்க்கிறது, வண்டல் பெரும்பாசியைத் தடுக்கிறது, பெரும்பாசி இல்லாததால் குட்டைப்பாசிக்கு வெளிச்சம் கிடைக்கிறது. இந்த வளையம் ஒருமுறை பூட்டிக்கொண்டால், தொடக்கக் காரணம் நீங்கினாலும் திறக்காது.

வட கலிபோர்னியாவில் இதே பூட்டு வேறு கையால் போடப்பட்டது. 2013இல் தொடங்கிய நோயில் சூரியகாந்தி நட்சத்திர மீன் ஏறக்குறைய மறைந்தது. அதன் இரைகளில் ஒன்றான ஊதாக் கடல் முள்ளெலி (பாசியைத் தின்னும், முள் போர்த்திய கடலுயிர்) பெருகியது. 2014க்குப் பின் வந்த வெப்ப நீரில் நைட்ரேட் குறைவு, கெல்ப்பும் நலிந்திருந்தது. முடிவு: 90 சதவீதத்துக்கும் மேல் கெல்ப் போயிற்று. முள்ளெலிகள் தீனியே இல்லாமல் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், முளைப்பதையெல்லாம் தின்னும். கெல்ப்பை நம்பியிருந்த செந்நிற அபலோன் என்ற பெரிய கடல் நத்தையின் பிடிப்பை 2018இல் மூடவேண்டியதாயிற்று.

கடல்நீர் அமிலமாவதைப் பற்றிச் சுருக்கமாக. இத்தாலியின் இஸ்கியா தீவை ஒட்டிக் கடலடியில் கரியமில வாயு இயற்கையாகவே குமிழியிடும் இடங்கள் உள்ளன. ஊற்றை நெருங்க நெருங்க, பாறையில் இளஞ்சிவப்பு மேலோடாகப் படரும் சுண்ணாம்புப்பாசி குறைந்து மறைகிறது. சுண்ணாம்பு இல்லாத தழைப்பாசிகள் மிஞ்சுகின்றன. எல்லாப் பாசிக்கும் கேடு என்று சொல்லமுடியாது, கலவை மாறுகிறது. ஆனால் ஓர் ஆண்டு இரண்டு ஆண்டில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றத்துக்கு அமிலத்தைக் காரணம் சொன்னால் நம்பவேண்டாம்.

தமிழ்நாட்டுக் கரையில் இதையெல்லாம் பொருத்தும்போது இரண்டு வேறுபாடு. முதலாவது, இங்கே ஓத வீச்சு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், மன்னார் வளைகுடாவில் அதனினும் குறைவு. அட்லாண்டிக் கரையில் பல மீட்டரில் விரியும் பட்டைகள் இங்கே சில சாண் உயரத்தில் நெருங்கிவிடும். அலையின் தெறிப்பு எவ்வளவு உயரம் நனைக்கிறது என்பது ஓத அளவுக்குச் சமமாகக் கணக்கில் வரும். முட்டம், கன்னியாகுமரிப் பாறைகளில் கடலை நோக்கிய முகத்துக்கும் பின்முகத்துக்கும் பாசி மாறுவதற்கு இதுவே காரணம். இரண்டாவது, மணல். இது பெரும்பாலும் மணற்கரை. பாறைத் திட்டுகளின் அடி பருவத்துக்குப் பருவம் புதைந்து வெளிப்படும். பக்கத்தில் தூண்டில் வளைவு கட்டினால் ஒரு பக்கம் மணல் ஏறும், மறுபக்கம் அரிக்கும். ஏறிய பக்கத்தில் பாறையின் கீழ்ப்பட்டை ஓரிரு மாதம் புதைந்தாலே பல பாசிகள் அழுகிப்போகும். அதே வளைவின் கருங்கற்களில் கீட்டோமார்ஃபா, உல்வா போன்ற அலைதாங்கும் பச்சைப்பாசிகள் சீக்கிரம் ஏறிவிடும். அதைப் பார்த்துப் பாசி பெருகியதென்று எழுதினால் கணக்குத் தப்பு. இங்கே கீழ்ப்பட்டை மாற்றத்துக்கு மணலை விசாரிக்காமல் வெப்பத்துக்குப் போகக்கூடாது.

இனி உறுதி செய்வது. முதலில் உயரம். கரையின் குறுக்கே, உச்சித் தெறிப்பு எல்லையிலிருந்து வற்றக் கோடுவரை, நைலான் கயிறு கட்டவேண்டும். ஒரு திட்டுக்குக் குறைந்தது மூன்று. கயிற்றின் இரு முனையிலும் பாறையில் துளையிட்டுத் துருப்பிடிக்காத போல்ட்டை எப்பாக்சிப் பசையில் பதித்தால் அடுத்த ஆண்டும் அதே கோட்டுக்கு வரலாம். பெயின்ட் அடையாளம் ஒரு பருவத்தைத் தாண்டாது. கோட்டில் ஒவ்வொரு பட்டையின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் எவ்வளவு உயரத்தில் உள்ளன என்று அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம்: கட்டட வேலையில் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் போதும். 10 முதல் 15 மீட்டர் ஒளிபுகும் குழாயில் நீர் நிரப்பி, காற்றுக் குமிழி ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் ஒரு சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும். குமிழி இருந்தால் அளவு பொய். கடல்மட்டத்தோடு இணைக்க, அலை அடங்கிய நாளில் வற்றம் நின்ற நேரத்து நீர்மட்டத்தைக் குறித்து, சர்வே ஆஃப் இந்தியாவின் ஓத அட்டவணையோடு ஒப்பிடலாம். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். ஒரு மீட்டர் வீச்சுள்ள கரையில் தாழ்வழுத்த நாளில் அளந்தால் பட்டையே இடம் மாறியதுபோலத் தோன்றும்.

அடுத்தது பரப்பு. உள்ளளவு 50 சென்டிமீட்டர் உள்ள சதுரச் சட்டம். பிவிசி குழாயில் செய்யலாம், மிதக்காமல் இருக்கத் துளையிடவேண்டும். குறுக்கும் நெடுக்கும் 5 சென்டிமீட்டருக்கு ஒரு நூல் கட்டினால் 81 சந்திப்பு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.2 சதவீதம். ஒவ்வொரு பட்டையிலும் நிலையான 5 இடம், ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்கி எடுக்கும் 10 இடம். நிலையான இடம் மாற்றத்தைக் காட்டும், குலுக்கிய இடம் கரையின் பொதுநிலையைக் காட்டும்; ஒன்று மற்றதற்கு ஈடாகாது. முதலில் மேல்தழையை எண்ணி, பிறகு அதை விலக்கி அடியில் இருப்பதை எண்ணவேண்டும். அதனால் கூட்டுத்தொகை 100ஐத் தாண்டும். அதைப் பிழை என்று நினைத்து 100க்குச் சுருக்குகிறவர்கள் அடுக்கையே அழித்துவிடுகிறார்கள். வெறும் பாறை, மணல், வண்டல் மூடிய குட்டைப்பாசி, உயிருள்ள இளஞ்சிவப்பு மேலோடு, வெளுத்த மேலோடு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் இருக்கட்டும். நத்தை, முள்ளெலி எண்ணிக்கையும் அதே சட்டத்தில் எழுதவேண்டும். பாசியை மட்டும் எண்ணியவருக்கு டோரி கேன்யன் கரை ஒருநாளும் விளங்கியிருக்காது.

பெரும் பழுப்புப் பாசிகளில் தழையை அல்ல, பாறையைப் பிடித்திருக்கும் அடிப்பிடிப்பை எண்ணுவதே பாதுகாப்பு. கட்டக்கோரை என்று மீனவர் சொல்லும் சர்காசம் பருவம் முடிந்ததும் தழையை உதிர்த்துவிடும்; அடி மட்டும் உயிரோடு இருக்கும். சென்ற முறை நவம்பரிலும் இம்முறை மே மாதத்திலும் போனவர் கட்டக்கோரை அழிந்ததாக எழுதுவது அடிக்கடி நடக்கிறது. ஒப்பீடு அதே மாதத்தில், முடிந்தால் அதே வற்ற உயரத்தில் இருக்கவேண்டும். மூன்று ஆண்டுத் தொடர் இல்லாமல் போக்கு என்று பேசுவது அவசரம்.

வெப்பத்துக்கு: நீர்புகாத சிறு பதிவுக்கருவியை ஒவ்வொரு பட்டையிலும் வெயில் முகத்தில் ஒன்று, நிழல் முகத்தில் ஒன்று எனப் பாறையோடு எப்பாக்சியில் பதிக்கவேண்டும். 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு வேண்டும். ஒரு மணிக்கு ஒன்று வைத்தால் வற்ற உச்சம் தப்பிவிடும். பார்க்கவேண்டியது சராசரியை அல்ல: பாறை 40 டிகிரிக்கு மேல் எத்தனை மணிநேரம் தொடர்ந்து இருந்தது, அது எத்தனை நாள் அடுத்தடுத்து வந்தது என்பதை. நிழல் முகத்தில் பாசி நிலைத்து வெயில் முகத்தில் மட்டும் போயிருந்தால் வெப்பத்தின் மேல் வழக்கு வலுக்கும். இரண்டு முகத்திலும் ஒரேபோல் போயிருந்தால் நீரில் என்ன கலந்தது என்று தேடுங்கள்.

மேய்ச்சலைச் சோதிக்க, ஒரு சாண் அகலத் திட்டுகளைச் சுற்றிச் செம்பு கலந்த படகுப் பெயின்டால் வளையம் போடும் வழக்கம் உண்டு. நத்தைகள் அதைத் தாண்டாது. ஆனால் செம்பு பாசிக்கும் ஆகாது. ஆகவே பாதி வளையம் மட்டும் போட்ட திட்டும், ஒன்றும் போடாத திட்டும் பக்கத்திலேயே வேண்டும். முழு வளையத்துக்குள் மட்டும் பாசி முளைத்து மற்ற இரண்டிலும் முளைக்காவிட்டால், தடுப்பது மேய்ச்சல். மூன்றிலும் முளைக்காவிட்டால் விதை வரவில்லை, அல்லது வண்டல் ஒட்டவிடவில்லை.

விதை வராதது பலர் மறக்கும் காரணம். சிட்னி நகரக் கரையில் ஏறக்குறைய 70 கிலோமீட்டருக்கு ஃபில்லோஸ்போரா என்ற பெரும்பாசி 1980களில் காணாமல் போனது. கரையோரம் கொட்டிய கழிவுநீர்மேல்தான் சந்தேகம். 1990களின் தொடக்கத்தில் கழிவுக் குழாய்களை ஆழ்கடலுக்கு நீட்டினார்கள், நீர் தெளிந்தது. பாசி வரவில்லை. அதன் கருமுட்டை தாய்ச்செடிக்குச் சில மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். தாய்ச்செடியோ கரையின் இரு கோடியில். 2011 முதல் ஆய்வாளர்கள் வலைத்தட்டிகளைப் பாறையில் போல்ட் போட்டு, நல்ல கரையிலிருந்து எடுத்த முதிர்ந்த செடிகளை அவற்றில் பிளாஸ்டிக் பட்டிகளால் கட்டினார்கள். இந்த இனத்தில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இரண்டையும் கலந்து கட்டவேண்டும். சுற்றியுள்ள பாறையில் கன்றுகள் முளைத்துத் தாமாகப் பெருகத் தொடங்கியதும் தட்டிகளைக் கழற்றிவிடலாம்.

இந்த முறையைப் பார்த்து வேறு இடத்தில் நடத் துணிபவர்கள் முதலில் மேலே சொன்ன வளையச் சோதனையையும் வண்டல் கணக்கையும் முடித்திருக்கவேண்டும். சிட்னியில் நீர் ஏற்கெனவே சீராகியிருந்தது, குறைந்தது விதை மட்டுமே. மேய்ச்சலோ வண்டலோ தடையாக இருக்கும் பாறையில் தாய்ச்செடியைக் கட்டினால், ஓரிரு பருவம் அந்தச் செடி இருக்கும், கன்று இருக்காது.